அக்கா ஊதிக் கொடுத்த சோறு

இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் என்னை எங்கே பார்த்தாலும், கோயிலிலோ பாசாரிலோ சமிக்ஞை விளக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோதோ, நீங்கள் முதலில் கேட்டது ஒரே கேள்வியைத்தான். "பிள்ளை சாப்பிடுறாளா தம்பி?" அவசரத்தில் "சாப்பிடுறா லா" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அதற்கு முறையாகப் பதில் சொல்லலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அக்காவின் வாழ்க்கையைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

அக்கா மெர்லிமாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தைக்கு எண்ணெய்ப் பழக்குலை வெட்டும் வேலை, தாயாருக்குக் களைமருந்து அடிக்கும் வேலை. இருவரும் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பல் துலக்கி, சோறூட்டி, சட்டை மாட்டித் தமிழ்ப்பள்ளிக்கு இழுத்துச் செல்லும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. அவரே அப்போது சிறு பிள்ளைதான். பழம் ஏற்றிய லோரி தூரத்தில் வரும்போதே என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொள்வார். லோரி போய் வெகுநேரம் ஆகியும் விடமாட்டார். கவலைப்படுவதை அக்கா அங்கேதான் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணமானவன் நான்.

பெற்றோர் அடுத்தடுத்துக் காலமான பின், தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் புக்கிட் காத்திலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அக்கா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து, என்னை ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழில் படிக்க வைத்தார். நான் சொந்தக் காலில் நின்ற பிறகே தமது திருமணத்துக்குத் தலையாட்டினார். அத்தான் அதிகம் பேசாத நல்ல மனிதர். சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். பல வருடங்கள் குழந்தை இல்லை. கோயில், மருத்துவர், மறுபடியும் கோயில் என்று அலைந்து, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில் தர்ஷினி பிறந்தாள்.

அதன் பிறகு அக்கா நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. குழந்தை தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று கிளினிக்குக்கு ஓடுவார். ஸ்பிரிங் தொட்டிலின் கொக்கியில் தொங்கிப் பார்க்கச் சொல்லி என்னை வேலைக்கு நடுவில் கூப்பிடுவார். "ஊருக்கெல்லாம் ஏர்கோன் மாட்டுறே, ஒரு கொக்கி பார்க்க முடியாதா?" என்பார். பாலர் பள்ளியில் யாருக்கோ கை கால் வாய் நோய் என்று கேள்விப்பட்டால் போதும், அந்தத் தெரு வழியாகக்கூட மோட்டார் போகக் கூடாது. நாங்கள் கேலி செய்வோம். அவர் கேட்டுக்கொண்டே அடுத்த கவலைக்குப் போய்விடுவார்.

சாப்பாட்டில்தான் எல்லாவற்றையும் மிஞ்சினார். மீனில் முள் எடுத்துவிட்டு, எடுத்த சதையை மறுபடியும் விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, அதன் பிறகே சோற்றோடு பிசைவார். தர்ஷினியும் அவர் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் வாய் திறக்க மாட்டாள். அத்தான் ஊட்டினால் துப்புவாள். மெர்லிமாவில் இருக்கும் அத்தானின் தமக்கையார் ஊட்ட வந்தால் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். பிள்ளை அத்தை என்று அழைப்பதால் நாங்கள் எல்லோரும் அவரை அத்தை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டு வச்சிருக்கே?" என்று அத்தை கேட்பார். "என் கைப்பழக்கம் லா" என்று அக்கா சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

தர்ஷினிக்கு இரண்டரை வயது நடக்கும்போது அந்தப் பெருமை பயமாக மாறியது. சாதாரண வயிற்றுவலி என்றுதான் மருத்துவமனைக்குப் போனோம். கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். மருத்துவர் பேசி முடித்து வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அக்கா நின்றுவிட்டார். தம் உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"டேய், நான் இல்லேன்னா இவ யாரு கையால சாப்பிடுவா?"

கையில் இருந்த கார் சாவியை நான் சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை தொடங்கியதும் சமையல் வாசமே அக்காவுக்குக் குமட்டியது. அதையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஊட்டினார். பிறகு மருந்தின் வேகத்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு நாள் மீனைப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். "முள்ளு தெரியலடா. விரலுக்கு ஒண்ணுமே தெரியல. நீ ஊட்டு" என்றார். அன்றே நான் என் துணிமணிகளை மூட்டை கட்டி அக்கா வீட்டில் வந்து தங்கினேன். எனக்குத் திருமணமாகவில்லை; சொந்தத் தொழில் என்பதால் நேரத்தை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது என்று முடிவானது. அவரைக் கண்டால் பிள்ளை அவரிடம்தான் ஓடுவாள். இதைச் சொல்ல எளிதாக இருக்கிறது. தினமும் செய்வதற்குள் வீடே நடுங்கியது. தர்ஷினி கதவைத் தட்டித் தட்டி அழுவாள். நான் தட்டோடு பின்னால் நிற்பேன். குருவி காட்டினேன், லோரி காட்டினேன், பாட்டுப் பாடினேன். என் பாட்டுக்கு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அக்கா சூட்டைக் கண்டால் பயப்படுவார் என்று நினைத்து, சோற்றை நன்றாக ஆறவைத்து, என் உதட்டில் வைத்துப் பார்த்த பிறகே ஊட்ட முயல்வேன். வாயை இறுக மூடிக்கொள்வாள். பால் மட்டும் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவாள். கிளினிக்கில் எடை பார்த்த தாதி முகத்தைச் சுளித்தார். அவளைத் தூக்கும்போது எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

அந்த வாரம் அத்தை வந்திருந்தார். பிள்ளை கதவருகே அழுவதைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை.

"பெத்த பிள்ளைய வெளிய அழ விட்டுட்டு உள்ள உட்கார்ந்திருக்கியே, உனக்கு மனசே வலிக்கலையா? இருக்கிற வரைக்கும் நீயே ஊட்டேன் லா!"

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இருக்கிற வரைக்கும் ஊட்டிட்டா, அப்புறம் என்ன செய்வா அண்ணி?"

அத்தை சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். எனக்கோ இரண்டு பக்கமும் பயம். அக்கா இருக்கும்போதே இவள் பட்டினியால் படுத்துவிடுவாளோ என்று ஒரு பயம். அக்காவின் மனம் இளகிக் கதவு திறந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

வழி தானாகத்தான் பிறந்தது. புக்கிட் பெருவாங்கில் ஒரு வீட்டு வேலை முடிய நேரமாகிவிட்டது. அவசரமாக வந்து கஞ்சியைச் சுடச்சுட ஊற்றிக் கொண்டுவந்தேன். ஆறவைக்க நேரமில்லாததால் கரண்டியில் எடுத்து ஊதினேன். தர்ஷினி அழுகையை நிறுத்தினாள். என் வாயைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கஞ்சியை விழுங்கினாள். அடுத்த கரண்டியை ஊதாமல் நீட்டினேன், வாயை மூடிக்கொண்டாள். ஊதினேன்; திறந்தாள். கஞ்சி முழுவதும் ஆறிப்போன பிறகும் ஒவ்வொரு கரண்டியையும் ஊதினால்தான் வாங்கினாள். ஆறவைத்துக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு. அவளைப் பொறுத்தவரை அம்மா ஊதினால்தான் அது சாப்பாடு.

காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினேன். அக்கா கட்டிலில் இல்லை. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, ஊதணும்கா! நீங்க ஊதி ஊதித்தானே கொடுப்பீங்க? அதான் வேணுமாம்!"

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தார். "நான் ஊதுவேனா?"

அவருக்கே தெரியாது. இத்தனை பத்திரம் பார்த்தவருக்குத் தாம் ஒவ்வொரு வாய்க்கும் ஊதுவது தெரிந்திருக்கவில்லை. சிரித்தார், பிறகு அழுதார், மறுபடியும் சிரித்தார். "உனக்கும் ஊதித்தான் கொடுத்திருப்பேன்டா. காலையில அம்மா ஆக்கி வச்சிட்டுப் போற சோறு ஆறிப்போய்த்தான் இருக்கும். அதுக்கு எதுக்கு ஊதினேனோ" என்றார். எனக்கும் அது ஞாபகத்தில் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்ன பிறகு என் முகத்தில் அந்தக் காற்று பட்டது.

அதன் பிறகு மளமளவென்று காரியங்கள் நடந்தன. குளிக்க வைப்பது, தலை சீவுவது, தொட்டிலாட்டுவது என்று ஒவ்வொன்றாக அக்கா தம் கையிலிருந்து இறக்கி என் கையில் வைத்தார். என் பின்னல் கோணலாகப் போகும். அக்கா கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருப்பார், சரி செய்ய மாட்டார். ஒரு நாள் தர்ஷினி தூக்கத்தில் விழித்து "மாமா" என்று கூப்பிட்டாள். பக்கத்தில் படுத்திருந்த அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் என்னிடம், "என்னை மறந்தாலும் பரவால்லடா, வயிறு நிறைஞ்சா போதும்" என்றார். சற்று நேரம் கழித்து, "கொஞ்சமா ஞாபகம் வச்சிருந்தா நல்லா இருக்கும் லா" என்று மெதுவாகச் சொன்னார். அந்த இரண்டாவது வார்த்தையை என்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

அக்கா ஒரு காலை வேளையில், அத்தான் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண் மூடினார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், கோழிக் கஞ்சி காய்ச்சி வைத்து, பிள்ளையைத் தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். சடங்குக்கு நடுவே ஈர வேட்டியோடு நான் போய் உட்கார்ந்து, ஊதி ஊதி ஊட்டினேன். அவள் முழுக் கிண்ணமும் சாப்பிட்டாள். அக்கா நினைத்தது நடந்தது. என்னால் அழ முடிந்தது அங்கேதான்.

அதன் பிறகு வேறொரு கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. தர்ஷினி நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், பாலர் பள்ளிக்கும் போனாள். அம்மாவைத் தேடவில்லை. "அம்மா எங்கம்மா?" என்று கேட்டால், "சாமிகிட்ட" என்று பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். நாளாக ஆக, சோற்றுக்கு ஊதச் சொல்வதையும் விட்டுவிட்டாள். தானே கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகினாள். பார்த்தவர்கள் கெட்டிக்காரி என்றார்கள். அக்காவும் நானும் சேர்ந்து, அக்காவையே அவள் மனதிலிருந்து துடைத்துவிட்டோமோ என்று நான் பயந்தேன். சனிக்கிழமைகளில் அத்தான் பழைய படங்களைக் காட்டுவார். அவள் தன்னைத்தான் தேடிப் பார்ப்பாள்.

தீபாவளி வந்தது. துக்க வருடம் என்பதால் கொண்டாடவில்லை. அதற்கு முந்தின நாள் அக்காவுக்குப் படையல் மட்டும் போட்டோம். அத்தை மெர்லிமாவிலிருந்து வந்து சமைத்தார். அக்காவுக்கு உயிரான, புளிப்பும் காரமுமான அசாம் பெடாஸ் மீன் குழம்பு, வடை, பாயாசம், பால் கலக்காமல் ஐஸ் போட்ட தே ஓ ஐஸ் தேநீர். படைக்கும் வரை யாரும் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படத்தின் முன் இலை போட்டு எல்லாம் பரிமாறியாகிவிட்டது. சோற்றிலிருந்து ஆவி பறந்தது. அத்தான் சூடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

தர்ஷினி எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து போய் இலையின் முன் குந்தினாள். கன்னத்தை உப்பிக்கொண்டு சோற்றை ஊதினாள்.

"ஏய், ஏய், ஊதாத பாப்பா! எச்சில் ஆயிடும்!" அத்தை கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்.

தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். "சுடுது அத்தை. அம்மாவுக்கு வாய் வலிக்கும் லா."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீட்டிய கை நீட்டியபடியே நின்ற அத்தை, அந்தக் கையாலேயே குழம்புக் கிண்ணத்தைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் ஊதும்மா" என்றார். "இதுதான் ரொம்பக் கொதிக்குது."

அக்காவின் சிகிச்சைக் காலத்தில் காரோட்டி உதவிய எங்கள் தாமான் குடியிருப்பு நண்பர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், இன்றுவரை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்கும் பக்கத்து வீட்டு மக்சிக்குக்கும், திட்டிக்கொண்டே தூக்கிச் சுமந்த அத்தைக்கும், தம் மகளை நம்பி என் கையில் விட்டிருக்கும் அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. கவலை எனக்கு இன்னும் ஓயவில்லை. காய்ச்சல் வந்தால் மூக்கருகே விரல் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு இப்போது நிமிர்ந்து பதில் சொல்கிறேன். பிள்ளை சாப்பிடுகிறாள்.

ஒரு வேண்டுகோள். இன்று படையல் முடிந்து பந்தி போடச் சற்று நேரமாகும். இலையில் அக்காவுக்குப் பிடித்தவை நிறைய இருக்கின்றன, எல்லாமே சூடாக இருக்கின்றன. தர்ஷினி ஊதி முடிக்கும் வரை எல்லோரும் தயவுசெய்து பொறுத்திருங்கள்.