சும்மா வேலை பார்க்க இடம் இருக்கிறதா?

"என்ன விசேஷம்மா? பொறந்த நாளா, நினைவு நாளா?"

போனில் ஒரு முதியோர் இல்லத்து மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து முழித்தவள் ஜெசிந்தா. எங்கள் மாடியில் குடியிருக்கும் வாத்தியார் வீட்டுப் பெண். பி.காம். முதல் வருஷம்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல சார். நான் வாலன்டியரா..."

"காலை டிபனா, மதியச் சாப்பாடாம்மா? ஞாயித்துக்கிழமையெல்லாம் ஃபுல்லு. புதன்கிழமை ராத்திரி வேணா இருக்கு. இட்லி, கேசரி."

"சாப்பாடு போட இல்ல சார். சனிக்கிழமை மத்தியானம் வந்து, சும்மா ஏதாவது வேலை செஞ்சு குடுக்கலாம்னு."

ஏதோ புரிந்துவிட்டதுபோல அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சர்டிபிகேட் வேணுமாக்கும்? அதுக்கு எதுக்கும்மா வேலையெல்லாம் செஞ்சுக்கிட்டு... நேர்ல வாங்க, சீல் போட்டுத் தாரேன்."

நல்ல மனிதர்தான். குறை சொல்ல மாட்டேன். எங்கள் காரைக்குடியில் தர்மம் என்றால் இலை போட்டுச் செய்வது. பாயசம் இல்லாமல் ஒருத்தி தர்மம் செய்ய வந்தால் அவருக்கு மட்டும் எப்படிப் பிடிபடும்?

ஜெசிந்தா விடவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டாள். 'வேகன்ஸி இல்லம்மா' என்றார்கள். ஒரு லைப்ரரியில் கேட்டாள். 'யாரு வீட்டுப் புள்ள?' என்று விசாரித்து வைத்துக்கொண்டு, சாயங்காலமே அவள் அப்பாவுக்கு போன் போட்டுவிட்டார்கள் — "பாப்பாவுக்கு வீட்ல ஏதும் பிரச்சினையா சார்?"

அவள் அம்மா மட்டும்தான் உடனே வேலை கொடுத்தார். "சும்மா வேலை செய்ய இம்புட்டு ஆசையா இருந்தா இங்குட்டு வா. தேங்காய் துருவு."

சிரித்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. காசு வேண்டாம், பெயர் வேண்டாம், யாருக்காவது உபயோகமாக இருக்கிறேன் என்று ஒரு பிள்ளை வாசல் வாசலாகப் போய்க் கேட்டால், ஊரே சந்தேகமாகப் பார்க்கிறதே!

அந்த வாரமே ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முன்னால் நின்ற பையன் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தான் — "யாராச்சும் எழுத வருவாகளாண்ணே? வெள்ளிக்கிழமை பரீட்சை." கையில் வெள்ளைக் கோல்.

பெயர் முத்துக்கருப்பன். புதுவயல்காரன். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை. இவனுக்குப் பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டான், ஒரே ஒரு அரியர் தவிர. அது போனால்தான் டிகிரி. அவன் சொல்லச் சொல்லப் பரீட்சையில் எழுத ஒரு ஆள் வேண்டும். அவனைவிடச் சின்ன வகுப்பில், வேறு பாடம் படிக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே ஊர். ஒருத்தி வேலை செய்ய இடம் தேடுகிறாள். ஒருத்தன் ஆள் தேடுகிறான். அங்கேயே நின்று ஜெசிந்தாவுக்கு போன் போட்டேன்.

முதல் நாளே முத்துக்கருப்பன் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான். "போன தடவை எழுதுன அண்ணன் ரொம்ப நல்லவரு. நான் தப்பாச் சொன்னதும், 'தம்பி, இது இல்லடா'ன்னு காதுல சொன்னாரு. சூப்பர்வைசர் கேட்டுட்டாரு. பேப்பரப் புடுங்கிட்டாக. அரியரே அதுலதான் விழுந்துச்சு. நீங்க எனக்கு நல்லதே செய்ய வேணாம். நான் சொன்னத மட்டும் எழுதுங்க, போதும்."

வெள்ளிக்கிழமை. இனி நடந்தது ஜெசிந்தா எனக்குச் சொன்னது.

தனி அறை. அவன் சொல்கிறான், இவள் எழுதுகிறாள். எல்லாம் ஒழுங்காகப் போனது — இரண்டு மார்க் கேள்வி ஒன்று வரும்வரை. வெள்ளைக்காரன் சிவகங்கைச் சீமைப் பாளையக்காரர்களைத் தூக்கிலிட்ட ஊர் எது?

"காளையார்கோவில்" என்றான்.

ஜெசிந்தாவின் பேனா நின்றுவிட்டது. திருப்பத்தூர்! சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளைக்கு இது தெரியாதா? மதுரைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தானே போகிறாள்? தொண்டை வரை வந்துவிட்டதாம். சூப்பர்வைசர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எழுதிட்டீகளா?" என்றான் முத்துக்கருப்பன்.

எழுதினாள். காளையார்கோவில் என்றே எழுதினாள்.

வெளியே வந்ததும் அழுதுவிட்டாள். "அண்ணே, அது திருப்பத்தூரு. தெரிஞ்சே தப்பா எழுதிட்டேன்."

"தெரியும்" என்றானாம் அவன். "நீங்க பேனாவ நிறுத்துனப்பவே ஞாபகம் வந்திருச்சு."

"அப்புறம் ஏண்ணே மாத்தச் சொல்லல?"

"நீங்க நிறுத்துனதால வந்த ஞாபகம்ல அது? அத எழுதுனா, போன தடவை மாதிரிதான்."

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அட மடையா, ஒரு மார்க்கில் கோட்டைவிடுகிற பிள்ளைகள் எத்தனை! அப்பா மூட்டை தூக்குகிறார், வீடே அந்த டிகிரிக்காகக் காத்திருக்கிறது, இதில் இவனுக்கு ரோஷம் வேறா?

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். விருந்தில் ஒருவர் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும், விரலிடுக்கில் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் நாம். கேட்ட அளவுக்கு மட்டும் உதவிவிட்டுச் சும்மா இருக்க நம்மில் யாருக்கு வருகிறது? தெரிந்ததைச் சொல்லாமல் எழுதினாளே ஒரு சின்னப் பெண்... அது லேசுப்பட்ட வேலையா? என்னால் முடிந்திருக்காது. சத்தியமாக.

ரிசல்ட் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'அந்த அண்ணன் ஃபெயில் ஆனா என் கையெழுத்துல ஃபெயில் ஆனதுதானே ஆன்ட்டி' என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் அவனிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாஸாயிட்டேன். அப்பா மில்லு பூரா மிட்டாய் குடுத்துட்டாக."

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவன் தொடர்ந்தான்.

"அடுத்து பேங்க் பரீட்சை எழுதப் போறேன். நீங்கதான் வரணும். ஆனா ஒண்ணு... இந்தத் தடவை நடுவுல பேனாவ நிறுத்தப்படாது."