ஆன்போர்டே போதும் என்றார்கள்

மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் கொர்ரென்று ஒரு சத்தம் வரும். கையை எடுத்தால் நின்றுவிடும். மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆடியோவின் லட்சணம் அது. ஆன்போர்டு ஆடியோ என்பார்கள். தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கிச் செருகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். நம்பினேன் என்று சொன்னால் போதாது. அந்தக் கார்டின்மேல் என் மிச்ச வாழ்க்கையையே ஏற்றி வைத்திருந்தேன்.

எனக்கு மறைமலைநகரில் வேலை. கார் கதவுக்குள் போகிற இரும்புத் தகடுகளை அடிக்கும் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். பதினெட்டு வருஷமாக ஒரே பிரஸ், ஒரே ‘டமார்’. வீடு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே பின்னறையில் சுவரெல்லாம் பழைய புடவைகளையும் பஞ்சு மெத்தைகளையும் தொங்கவிட்டு ஒரு ரெக்கார்டிங் ரூம் செய்திருந்தேன். என் மனைவி எங்கள் சர்ச்சில் பாடுகிறவள். நல்ல குரல். அவள் பாட நான் பதிவு செய்வேன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற கடைத் திறப்பு அறிவிப்பு, முதலாமாண்டு நினைவுநாள் பாட்டு, திருப்போரூருக்குக் காவடி எடுக்கிறவர்களுக்கு முருகன் பாட்டு என்று எது வந்தாலும் செய்தோம். முருகனுக்கு அவள் பாடுவதைப் பற்றிச் சர்ச்சில் யாரோ கேட்டதற்கு, “குரல் குடுத்தவரு ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னா?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

என் கணக்கு இதுதான். இந்த வேலை பெருகினால் பிரஸ்ஸை விட்டுவிடுவது. ஐம்பது வயதுக்குள் அந்தச் சத்தத்திலிருந்து வெளியே வந்துவிடுவது. வேறு ஆசை எனக்கு இல்லை.

அதற்கு வழி திறந்தது போலத்தான் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துச் சர்ச்சிலிருந்து எட்டுப் பாட்டுக்கு ஆர்டர் வந்தது. அவர்கள் திருவிழாவில் ஒன்பது நாளும் போடுவதற்கு. இது பிடித்திருந்தால் கரையோரம் இருக்கிற எல்லாச் சர்ச்சுக்கும் உங்களையே சொல்கிறேன் என்றார் அந்தச் சர்ச்சில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். மூன்று வாரம் உட்கார்ந்து செய்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாம் நாள், சர்ச்சில் போட்டுப் பார்த்துவிட்டு உபதேசியார் போன் செய்தார்.

“பாட்டு சூப்பரா கீது அண்ணாத்த. ஆனா காதுல ஊசி சொருகற மாதிரி கீது. கிழவிங்கல்லாம் எழுந்து வெளிய போயிட்சுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. என் காதுக்கு அந்தப் பாட்டு மொத்தையாக, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்ததால்தான் மேல்சத்தத்தை, டிரெபிள் என்பார்களே, அதைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்தேன். என் மனைவி அப்போதே பக்கத்தில் நின்று, “கொறைய்யா, கூசுது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

பிரஸ் ஷாப்பில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சேர்ந்த முதல் வாரமே மனப்பாடம் ஆகிவிடும். பீஸ் கெட்டால் டையைப் பார், டை சரியென்றால் ஷீட்டைப் பார், ஷீட்டும் சரியென்றால் மெஷினைப் பார். டை என்பது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற அச்சு. பதினெட்டு வருஷம் அப்படியே பார்த்துப் பழகியவன் வீட்டிலும் அப்படித்தான் பார்த்தேன். மைக்கை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ஹெட்போனை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். மிச்சமிருந்தது ஆன்போர்டு ஆடியோ ஒன்றுதான். ஆபரேட்டரைப் பார் என்று அந்தப் பாடத்தில் எங்கேயும் இல்லை.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் எனக்குப் பழக்கமான கம்ப்யூட்டர் கடைக்காரர் கார்டே வேண்டாம் என்றார். விற்கிறவனே வேண்டாம் என்றால் யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை.

“இப்ப வர்ற போர்டுலயே நல்ல சவுண்டு கீது அண்ணாத்த. அந்தக் கொர்ருக்கு வேணா கார்டு போட்டுக்கோ, நின்னுடும். பாட்டு மொத்தையா கீதுன்றியே, அது இதால வராது.”

“நீ போடு. என் காதுக்குத் தெரியும்” என்றேன்.

என் காதைப் பற்றி எனக்கு அவ்வளவு திமிர். காரணம் இருந்தது. டையில் விரிசல் விழப்போகிறது என்றால் அது சத்தத்தில்தான் முதலில் தெரியும். ‘டமார்’ என்பதற்குக் கடைசியில் சின்னதாக ஒரு ‘ணங்’ சேரும். எங்கள் ஷிப்டில் அதை முதலில் கேட்கிறவன் நான்தான். இரண்டு தடவை மெஷினை நிறுத்தி டையைக் காப்பாற்றியிருக்கிறேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். அதற்காகவே கம்பெனி கொடுத்த ரப்பர் அடைப்பானை ஷிப்ட் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பேன். காதில் மாட்டினால் ‘ணங்’ கேட்காதே.

இன்னொரு காரணமும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்கு ஒரு வேன் வரும். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஹெட்போன் மாட்டி உட்காரவைப்பார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கேட்காதவர்களைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் காவலுக்குப் போடுவார்கள். கேட்டுக்குப் போன யாரும் அடுத்த வருஷம் கம்பெனி பஸ்ஸில் இருந்ததில்லை. அதனால் பஸ்ஸிலேயே ஒரு வித்தை உண்டு, சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பது.

“மச்சான், கண்ணாடிக்கு அந்தாண்ட ஒருத்தர் குந்திகினு இருப்பாரு. அவரு தோளையே பாத்துகினு இரு. தோள் அசஞ்சா சவுண்டு வுட்டுட்டாருன்னு அர்த்தம். ஒடனே அமுக்காத, டவுட்டு வந்துரும். மூணு எண்ணிட்டு அமுக்கு.”

ஒவ்வொரு வருஷமும் நானும் மூன்று எண்ணித்தான் அமுக்கினேன். கேட்டிருந்தாலும் எண்ணினேன், கேட்காவிட்டாலும் எண்ணினேன். எது எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ‘நார்மல்’ என்று ஒரு தாள் வந்தது. அந்தத் தாள்களை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். பொய்ச் சாட்சி சொன்னவனே அந்தத் தீர்ப்பை எடுத்து ஊருக்குக் காட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் என் மனைவியிடம் அந்தக் கவரை ஆட்டிக் காட்டினேன்.

“கூசுதுன்றியே, உன் காது எவன் செக் பண்ணான்? இங்க பாரு. வருஷா வருஷம் நார்மல்.”

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை வடித்தாள்.

கார்டு வந்தது. தகரக் கவசமெல்லாம் போட்டு, தங்க நிறத் துளைகளோடு அழகாகத்தான் இருந்தது. கடைக்காரரே வந்து செருகி, பழைய ஆடியோவை அணைத்து, டிரைவர் போட்டுக் கொடுத்தார். ஹெட்போனை மாட்டி மவுஸை நகர்த்தினேன். கொர் இல்லை. மழை விட்டாற்போல அமைதி. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி பிரஸ்ஸை விட்டுவிடலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

அப்புறம் பாட்டைப் போட்டேன். அதே போர்வை.

எட்டுப் பாட்டையும் மறுபடி செய்தேன். காதுக்குச் சரியாக வரும்வரை மேல்சத்தத்தைக் கூட்டினேன். என் மனைவி அறைக்குள் வருவதையே விட்டுவிட்டாள். கொண்டுபோய்க் கொடுத்த பிறகு உபதேசியார் இந்தத் தடவை போன்கூடச் செய்யவில்லை. திருவிழாவின் முதல் நாள் நாங்களே பஸ் ஏறிப் போனபோது, கடற்கரையில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களில் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் எங்களைப் பார்த்துவிட்டுப் பிரசாதப் பந்தலுக்குள் போய்விட்டார். என் மனைவி மணலில் உட்கார்ந்து, அந்த வேறு குரலோடு சேர்ந்து மெல்ல வாயசைத்துப் பாடினாள். குரல் வந்ததா, வாய் மட்டும் அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே கார்டைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். டூப்ளிகேட் சரக்கு என்றேன். கடைக்காரர் கோபப்படவில்லை. தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, என் பென் டிரைவில் ஒரு பைலைப் போட்டுக் கொடுத்தார்.

“கார்டுல ஒரு கொறையும் இல்ல. இது ஒரே சவுண்டு, கீழேர்ந்து மேல ஏறிகினே போவும். எங்க கட்டாவுதுன்னு பாரு. தனியா கேக்காத, வூட்ல அண்ணியையும் பக்கத்துல வெச்சுக்கோ.”

அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு போட்டுப் பார்த்தோம். கேட்கிறவரை கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், நின்றதும் இறக்க வேண்டும் என்று பேச்சு. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் கையைத் தூக்கினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். சத்தம் கீழே உறுமலாக ஆரம்பித்து, விசிலாகி, மேலே ஏறி, நின்றுபோனது. கையை இறக்கப் போனேன். அவள் கை மேலேயே இருந்தது. என் கையும் தானாக மறுபடி மேலே போனது. அவள் இறக்கியதும், மூன்று எண்ணிவிட்டு நான் இறக்கினேன்.

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“இன்னொரு தபா போடுய்யா” என்றாள். எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

என் எதிரில் தொங்கிய மெத்தையில் ஒரு கிழிசல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் கையை இறக்கினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கம்ப்யூட்டரில் பைல் ஓடுவதைக் காட்டுகிற கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கையை மட்டும் இறக்கவில்லை. அவள் எப்போதடா இறக்குவாள் என்று இருந்தது எனக்கு.

செங்கல்பட்டில் காது டாக்டரைப் பார்த்தோம். மேல்சத்தம் எல்லாம் போய்விட்டது, போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றப் பாருங்கள் என்றார். காதில் மாட்டும் மெஷின் எழுதிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அன்றைக்கே வாசல் கேட்டுதான். பிரஸ்ஸை விடலாம் என்றால் கையில் இருந்த ஒரே மாற்றுத் தொழிலும் காதை நம்பியது. அந்த ‘ணங்’கைக்கூட நான் எத்தனையோ வருஷமாகக் கேட்கவில்லை என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. டை உறுதியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரப்பர் அடைப்பானை இப்போது மாட்டிக்கொள்கிறேன். கார்டைத் திரும்பச் செருகி வைத்திருக்கிறேன். நல்ல கார்டு. கடைக்காரர் சொன்னதும் சரிதான், ஆன்போர்டே போதும்.

போன மாதம் வேன் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது ஆள். தோளைப் பார்த்து, மூன்று எண்ணி, அமுக்கி, மறுபடி நார்மல் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தாளைக் கவரில் போட்டேன். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் தோள் அசைந்தது. ஏதோ கேட்கிறாள்.

மூன்று எண்ணிவிட்டு, “ம்” என்றேன்.