பீடி குடித்த ஆடு

காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். பேனா எழுதினால் ஒன்றும் இல்லை. பென்சில் "சரக் சரக்"கென்று போகும்போதுதான், என்னைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், எழுதியது எங்கேயோ போகப்போகிறது, போன இடத்திலிருந்து ஆள் வரப்போகிறது என்று தோன்றிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பேர் எழுதினால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். இது எனக்கு எங்கே ஒட்டியது என்று நன்றாகவே தெரியும். கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லின் பாலர் பள்ளியில், ஐந்து வயதில்.

நயா பைசா வந்த புதுசு. அப்பா அந்த மில்லில் ஸ்பின்னிங், அம்மா ரீலிங். மில்லே கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம்: ஒரே அறை, அதில் சமையலுக்கு ஒரு மூலை, மறைவுக்குக் குறுக்கே தொங்கவிட்ட கோணிச் சாக்கு. வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக மில் வாசலை ஒட்டி ஒரு ஓட்டுக் கொட்டகை இருந்தது. அதற்கு எல்லோரும் "தொட்டில் ஷெட்டு" என்று பேர் வைத்திருந்தார்கள். ஓர் ஆயா கயிற்றுத் தொட்டில்களை வரிசையாக ஆட்டிக்கொண்டிருப்பாள், நடக்கிற வயதுக் குழந்தைகளை ஒரு மூலையில் உட்காரவைத்து, எழுந்தால் அதட்டுவாள். தாய்மார்களுக்கு அது புரிந்தது, திருப்தியாகவும் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் "பாலர் பள்ளி" என்று போர்டு மாட்டினார்கள். கமலம் டீச்சர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், மெட்ராஸில் குழந்தைப் படிப்புக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவர். வந்தவர் சிலேட்டு வாங்கவில்லை, அ ஆ சொல்லித்தரவில்லை, பிரம்பும் இல்லை. ஒரு மரத்தட்டில் மணலைக் கொட்டினார். களிமண் பிசைந்து வைத்தார். மரக்கட்டைகள், சாயம் பூசிய மணிகள், கோப்பதற்கு நூல். சுவரில் கோடு போட்டு மாசத்துக்கு ஒருதரம் எங்கள் உயரத்தைக் குறித்தார்.

லைனில் தண்ணிக்குழாய்ப் பேச்சு முழுக்க இதுதான். "மண்ணு வெளையாடறதுக்கா மில்லுக்காரன் சம்பளம் குடுத்து டீச்சர் வெச்சிருக்கான்? இதுல என்னமோ இருக்குது அம்மணி" என்றாள் எதிர்வீட்டு நாகம்மா. மணி கோப்பதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "வெரலப் பழக்கறாங்க. பத்து வருசம் கழிச்சு மெஷின்ல அறுந்த இழை முடியறதுக்கு ஆளு வேணுமல்ல, இப்பவே பழக்கி வெக்கறாங்க." உயரம் அளப்பதும் அதற்குத்தான் என்று முடிவானது, மெஷின் எட்டுமா எட்டாதா என்று பார்க்க. டீச்சர் பேசுகிற பேச்சில் எங்கள் ஊர் போல வார்த்தைக்கு வார்த்தை "ங்க" வராதது வேறு எல்லோருக்கும் உறுத்தலாக இருந்தது. மரியாதை தெரியாத ஊரிலிருந்து எதற்கு இத்தனை தூரம் ஒருத்தியைக் கூட்டிவர வேண்டும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் "சேதி நேரம்". காலையில் பால் குடித்த கையோடு எங்களை வட்டமாகப் பாயில் உட்காரவைத்து, "நேத்து உங்க வீட்டுல என்ன நடந்தது? ஆளுக்கு ஒரு சேதி சொல்லுங்க" என்பார் டீச்சர். சொல்லச் சொல்ல மடியில் நீள நோட்டு, கையில் பென்சில், சரக் சரக்.

இப்போது யோசித்தால், எங்களில் எந்தக் குழந்தை பேசி முடிக்கும்வரையும் அதற்கு முன்னால் ஒரு பெரியவர் காத்திருந்ததே இல்லை. டீச்சர் காத்திருப்பார். திக்கினாலும், பாதியில் மூக்கைச் சிந்தினாலும், எங்கேயோ போய்ச் சுற்றிக்கொண்டு வந்தாலும், தலையைச் சாய்த்து அப்படியே இருப்பார். அந்த ருசிக்காகவே நாங்கள் போட்டி போட்டுச் சொன்னோம். எங்கள் வீட்டுப் பூனை எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்ததை நான் மூன்று நாள் சொன்னேன்.

ஆனால் பெரியவர்கள் காதுக்கு அது வேறு மாதிரி கேட்டது. யார் வீட்டில் கூட்டம் போட்டார்கள், யார் வீட்டில் மில்லிலிருந்து எடுத்துவந்த நூல் பாபின் கிடக்கிறது, யார் யூனியன் நோட்டீஸ் வைத்திருக்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டால் வராதது, குழந்தையிடம் கேட்டால் வந்துவிடாதா? மில்லுக்காரன் போட்ட டீச்சர், மில்லுக்காரன் கொடுத்த நோட்டு. நினைக்காமல் எப்படி இருப்பார்கள்?

அதிலும் எங்கள் வீட்டில் உண்மையாகவே ஒளிக்க ஒன்று இருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அதே மில்லில்தான் இருந்தார். வாசலில் நோட்டீஸ் கொடுத்தார் என்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நீக்கின ஆள் லைனுக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் இடம் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். காய்ச்சலும் இருமலுமாக, போக்கிடம் இல்லாமல் ஒரு நாள் இருட்டில் வந்தவர், கோணிச் சாக்குக்குப் பின்னால் படுத்துக்கொண்டார். உடம்பு தேறட்டும் என்று பார்த்ததில் ஒரு மாசம் ஓடியது. பகலெல்லாம் அசையாமல் கிடப்பார். ஆள் நடமாட்டம் அடங்கியபின் எழுந்து குழாயடிக்குப் போய் வருவார். அம்மா திட்டத் திட்ட, சாக்குக்குள்ளேயே பீடி குடிப்பார். எனக்குக் காதோடு காதாகப் பாட்டுப் பாடுவார்.

வெளியே தெரிந்தால் வீடும் போகும், அப்பா அம்மா இரண்டு பேர் வேலையும் போகும். அம்மா என்னை முன்னால் நிறுத்தி இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பன் பேச்ச அந்த டீச்சர்கிட்ட எடுத்தீன்னா நாம நடுத்தெருவுலதான் கண்ணு. கேட்டா வேற எதையாச்சும் சொல்லு. ஆடு, கோழின்னு சொல்லிப்போடு."

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை. மறுநாள் என் முறை வந்ததும் சொன்னேன்: "எங்க ஊட்டுல ஒரு ஆடு இருக்குது."

"அப்படியா? என்ன பண்ணும் உங்க ஆடு?" என்று டீச்சர் தலையைச் சாய்த்தார்.

என்ன பண்ணும்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சாக்குக்குப் பின்னால படுத்திருக்கும். பகல்ல வெளிய வராது. இருமும். ராத்திரி எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போகும். அப்புறம் பீடி குடிக்கும்."

வட்டம் முழுக்கச் சிரித்துப் புரண்டது. நாகம்மா மகன், "பீடிக்கு நெருப்பு யாருடி பத்த வெப்பா?" என்று கேட்க, "அதுவே பத்த வெச்சுக்கும்" என்றேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பென்சில் கொஞ்சம் நின்று, மறுபடி ஓடியது.

அதற்கப்புறம் தினமும் எல்லோரும் என் சேதிக்காகக் காத்திருந்தார்கள். ஆடு அன்றைக்கு ரசம் குடித்தது, ஆடு பாட்டுப் பாடியது, ஆட்டுக்கு அப்பா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அம்மா சொன்னபடியே சித்தப்பா பேச்சை நான் ஒரு தரம்கூட எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். குழந்தைகளின் வீடுகளைப் பார்க்க வருவதும் அவர் படித்த படிப்பில் சேர்த்தி. அம்மா ஷிப்டு முடிந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள கால் வைக்க எடமில்லீங்க டீச்சர், அப்படியே ஒக்காருங்க, மோர் கொண்டாரேன்."

"பாப்பா ஒரு ஆட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கா..."

"ஆடுங்களா? லைன்ல ஆடு வெக்கக் கூடாதுன்னு சட்டமிருக்குதுங்க. எங்கூட்ல ஏதுங்க ஆடு? புள்ள வாய்க்கு வந்ததச் சொல்லுதுங்க."

அந்த நேரம் பார்த்துச் சாக்கு இருமியது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூன்று தரம்.

டீச்சர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோரை வாங்கி முழுசும் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "உங்க குழந்தை பொய் சொல்றதில்லைம்மா. பாக்கறதைச் சொல்றா, பேர் மட்டும் மாத்திக்கிறா. அவளைத் திட்டாதீங்க" என்றார். எழுந்தபின், "மாசக் கடைசியில நோட்டை ஆபீஸ்ல வாங்கிப் பாப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சாக்குக்குப் பின்னாலிருந்து "மே..." என்று ஒரு சத்தம். அந்த நிலையிலும் சித்தப்பாவுக்கு விளையாட்டு. அம்மா கரண்டியை எடுத்து வீசினாள். "மோரையும் குடிச்சுப்போட்டு, மெரட்டியும் போட்டுப் போறா, உனக்குச் சிரிப்பாணியா?"

அப்பா வந்ததும் பேச்சு நீளவில்லை. விடியக்காலை முதல் பஸ்ஸுக்குச் சித்தப்பா கிளம்பினார், சத்தியமங்கலத்தில் அம்மாவின் அண்ணனுடைய வாழைத் தோட்டத்துக்கு. துண்டைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு என்னிடம் குனிந்தார். "டீச்சர் கேட்டா, ஆடு மேய்ச்சலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லு கண்ணு."

மூன்றாம் நாள் மில்லிலிருந்து இரண்டு வாட்ச்மேன்களும் டைம் ஆபீஸ் கிளார்க்கும் வந்தார்கள். நேராக வந்து சாக்கைத் தூக்கினார்கள். வெறும் பாய். கிளார்க் குனிந்து ஒரு பீடித் துண்டைப் பொறுக்கினார். "யாருது?"

"என்னுதுதானுங்க" என்றார் அப்பா. பீடியைத் தொட்டே அறியாதவர், அதற்கப்புறம் ஒரு மாசம் மில் வாசலில் எல்லோரும் பார்க்க நின்று, கண்ணில் தண்ணீர் வர, பீடி குடித்தார்.

வீடு தப்பியது. ஆனால் அந்த மூன்று நாளை வைத்து அம்மாவும் அப்பாவும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டார்கள். "அவ போய்ச் சொல்லித்தான் வந்தாங்க. இல்லீன்னா நேரா சாக்கத் தூக்குவானா?" என்பாள் அம்மா. "அவ வந்து சொல்லலீன்னா அவன் உள்ளாறயே மாட்டியிருப்பான். எச்சரிக்க வந்தவளப் போய்த் திட்டற" என்பார் அப்பா. நான் நடுவில் படுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்றை நினைப்பேன். பீடி குடிக்கிற ஆட்டின் கதையை அத்தனை குழந்தைகளும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்களே, நாகம்மா மகன் சொல்லாமல் இருந்திருப்பானா? யார் வாயிலிருந்து போனாலும், முதலில் வந்தது என் வாயிலிருந்துதானே?

அன்றிலிருந்து சேதி நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு என்னை விட்டுவிட்டுப் போக வேறு இடமும் இல்லை, ஆகவே அங்கேயேதான் போனேன். டீச்சர் எப்போதும் போலக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குப் பயமாகிவிட்டது; இவ்வளவு பொறுமை எதற்கு என்று அம்மாவின் குரலில் யோசித்தேன். ஒரு நாள் களிமண்ணில் சின்னதாக ஓர் ஆடு செய்து, ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வைத்தார். காதுகூட வைத்திருந்தார். நான் உள்ளங்கையால் அதை நசுக்கினேன்.

கோடையில் டீச்சர் வேலையை விட்டுப் போனார். நிறுத்தினார்களா, அவராகப் போனாரா, தெரியாது. ஜூனில் நான் பெரிய பள்ளிக்கூடம் சேர்ந்தேன். அங்கே வாயைப் பொத்தி உட்காருவதுதான் நல்ல குழந்தைக்கு அடையாளம், எனவே யாருக்கும் குறை தெரியவில்லை. கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் சொல்லமாட்டேன். எதற்குக் கேட்கிறார்கள் என்பதே யோசனையாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். சித்தப்பா சத்தியமங்கலத்திலேயே தங்கி, கல்யாணம் செய்து, பொங்கலுக்கு வாழைத்தாரோடு வருவார். வந்ததும் என் காதில் "மே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அம்மா போன பிறகு அவள் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, அடியில், நூலால் கட்டிய சில தாள்கள் கிடைத்தன. போகும்போது ஒவ்வொரு தாயிடமும் அவரவர் குழந்தையின் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் டீச்சர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கம் கொடுத்துப் படிக்கச் சொல்ல நம்பிக்கை இல்லை. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவருக்கும் காட்டவில்லை. சண்டையில் அவர் ஜெயித்துவிடுவார் என்றா, தான் ஜெயித்துவிடுவோம் என்றா, எனக்குத் தெரியவில்லை. எரிக்கவும் இல்லை, அதுதான் ஆச்சரியம்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தேன். "பூனை எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்ததைச் சொன்னாள்." அதையே மூன்று தரம் எழுதியிருந்தார். அப்புறம், நான் ஆட்டைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்த அந்த நாட்களுக்கெல்லாம், வரிசையாக ஒரே வாக்கியம்: "இன்று ஒன்றும் சொல்லவில்லை." "இன்று ஒன்றும் சொல்லவில்லை." கடைசிப் பக்கத்தில், "மண் ஆட்டை நசுக்கினாள். அவள் மேல் தவறில்லை."

அழுதேன். அப்பா இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். ஆனால் என் புத்தி அதோடு விடுகிற புத்தி இல்லையே. தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். "ஒன்றும் சொல்லவில்லை" என்று அந்த ஆட்டு நாட்களுக்கு எழுதிய இடங்களில் மட்டும் தாள் நைந்து, சொரசொரப்பாக இருந்தது. அடியில் முன்பு அழுத்தி எழுதிய பென்சில் தடம். ஓர் "ஆ"வின் சுழி தெளிவாகவே தெரிந்தது. எழுதியிருக்கிறார், பிறகு அழித்திருக்கிறார். ஆபீஸ் பார்ப்பதற்கு முன்னால் அழித்தாரா, பார்த்தபின் மனசு கேட்காமல் அழித்தாரா? தடத்தை எத்தனை தரம் தடவிப் பார்த்தாலும் அது மட்டும் தெரியவில்லை.

இப்போது அந்த மில் இல்லை. லைன் வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி, தொட்டில் ஷெட்டு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. "தொட்டில் ஷெட்டு" என்றால் என் மகளுக்கே தெரியவில்லை. பேத்தி போகிற மழலையர் பள்ளியிலும் காலையில் வட்டமாக உட்காரவைத்து, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். அதை வீடியோ எடுத்து எல்லோர் போனுக்கும் அனுப்புகிறார்கள். "இதையெல்லாம் யாரு யாரு பாப்பாங்க?" என்று மகளைக் கேட்டால், "அம்மா, நீங்க வேற" என்று சிரிக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் பேத்தி என் மடியில் ஏறி, "அம்மாயி, நாளைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"நடந்ததச் சொல்லு கண்ணு" என்றேன். அவள் இறங்கி ஓடினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, திரும்பக் கூப்பிட்டேன்.

"டீச்சர் கையில அழிரப்பர் இருக்குதான்னு மட்டும் பாத்துட்டு வா."