வானொலி வாழ்த்தில் விடுபட்ட மாமா

இண்டைக்கு வேலணை பஸ்ஸில பக்கத்தில வந்திருந்தவர் என்ரை பெரிய மாமா.

அவருக்கு வயது எண்பது. எங்கட வீட்டோட உள்ள கோவத்துக்கு நாற்பத்தைஞ்சு.

"உன்ரை அஞ்சாவது பிறந்தநாளுக்கு ரேடியோவில வாழ்த்து வந்ததெல்லே? என்ரை மாத்தறைக் கடையில சாமான் வாங்க வந்த சனத்தையும் மறிச்சு வைச்சுக் கேட்டனான். வாழ்த்தின சொந்தக்காரரின்ரை பேருகளில என்ரை பேர் மட்டும் வரேல்லை."

"அறிவிப்பாளர் விட்டுட்டாரோ மாமா?"

"சீ! அந்த மனுசன் இருபது பேரையும் பிசகாமல், தன்ரை வீட்டுப் பிள்ளையை வாழ்த்துற மாதிரி வாசிச்சவர். இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பில பிழை வராது. பிழை கொப்பர் ரேடியோவுக்குப் பேருகள் எழுதி அனுப்பின தபாலட்டையில."

அட்டையில இடம் முடிஞ்சுபோச்செண்டு அப்பா சாகும்வரை சொன்னவர்.

நாளைக்கு என்ரை பிறந்தநாள். முதல் வாழ்த்து பெரிய மாமாவின்ரை எண்டு இப்பவே முகநூலில போடுறன்.

இஞ்சை இடம் தாராளம். விடுபட்ட ஆக்கள் கீழ பேரை எழுதுங்கோ. இன்னொரு நாற்பத்தைஞ்சு வருசம் என்னால ஏலாது.