வேர்க்காத குதிரை

சண்டை ஓய்ந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிய காலம். வெள்ளைக்காரரைக் கடற்கரையோரம் ஏற்றிப் போகலாமென்று என் புருஷன் குளிர்ந்த மலையூரான நுவரெலியாவிலிருந்து ஒரு பெண் குதிரையை வாங்கி வந்தார். மாரி முழுக்க அது கொட்டிலில் தின்றுகொண்டு சும்மா நின்றது. சித்திரை வெயில் கொளுத்தத் தொடங்கியதும் ஒரேயடியாக வேலைக்கு இறக்கினார்.

"பார் புள்ள, இந்த வெயிலுக்கும் ஒரு சொட்டு வேர்க்கல்ல. என்ன பலம்!" என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். வயல்வட்டையில் மாடு கட்டி உழுத மனிசன். மாட்டுக்கு வேர்ப்பது கண்ணுக்குத் தெரியாது; அந்தக் கணக்கையே குதிரைக்கும் போட்டுவிட்டார். எனக்கோ அதன் விலா அடித்துக்கொண்ட வேகம் பயமாக இருந்தது. சேணத்தைக் கழற்றித் தடவினேன். முதுகு காய்ந்து, அடுப்புக்கல் போலச் சுட்டது.

ஒரு மத்தியானம் மணலிலேயே முழங்கால் மடிந்து விழுந்துவிட்டது. ஓடிவந்த மிருக வைத்தியர், "இதுக்கு வேர்வை நிண்டுபோச்சு. வேர்த்தாத்தான் சூடு இறங்கும். வெயில் ஏறமுதல் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா வேர்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார். என் மனிசனுக்கு முகம் செத்துப்போனது. "மலைக்கே திருப்பி அனுப்புவம்" என்று லொறிக்குச் சொல்லிவிட்டார். வெசாக் பண்டிகை முடியத்தான் வரலாம் என்றான் லொறிக்காரன்.

எனக்கு வந்த கோபம்! "சும்மா நிக்க வைச்சதும் நீங்க, வெயிலுக்க ஓட்டினதும் நீங்க. இப்ப குதிரையிலயா பிழை? லொறி வரும்வரைக்கும் இது என்ட பொறுப்பு" என்று கயிற்றைப் பறித்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

விடியற்காலையில் மெல்ல நடத்தினேன். வெறும் தண்ணீர் ஒரு வாளி, உப்புக் கரைத்தது ஒரு வாளி. வெயில் ஏறினால் நிழலில் கட்டி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். நடை கூடியது, பிறகு சின்ன ஓட்டம். நனைந்தது என் சட்டைதான்.

"உனக்குத்தான் புள்ள நல்லா வேர்க்குது. வெள்ளைக்காரன உன்னில ஏத்துவமா?" என்றார். நான் உப்புத் தண்ணீர் வாளியைக் குதிரைக்கு நீட்டினேன்.

லொறி வர இருந்ததற்கு முதல் நாள், வெயில் ஏறும் நேரம் ஓட்டிவந்து சேணத்தை எடுத்தேன். முதுகு ஈரம். கழுத்தடியில் நுரை. அன்று அதன்மேல் நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை.

"என்டம்மோ, வேர்த்திட்டு! வேர்த்திட்டு!" என்று கத்தினேன். ஹோட்டல்காரரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாரனை மடித்துக்கொண்டு ஓடிவந்தவரின் கையைப் பிடித்துக் குதிரையின் கழுத்தில் வைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"வராத மச்சான். குதிரைக்கு வேர்த்திட்டு."

மறுபக்கம் என்ன கேட்டானோ, கடற்கரை முழுக்கக் கேட்கக் கத்தினார்: "ஓம்டாப்பா, வேர்த்திட்டு எண்டுதான் சொல்லுறன்!"