ஆசிட்டில் குளித்த கல்

லீவு கிடைத்தால் அரியலூர்ப் பக்கம் கல் பொறுக்கப் போய்விடுவேன். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில், கடல் அங்கே இருந்த காலத்துப் பிராணிகள் கல்லாகிக் கிடக்கும். சுறாப் பல், சிப்பி, சில சமயம் சுருண்ட கூடு. கிடைத்ததைப் படம் பிடித்து கல் சேகரிக்கிறவர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை யாருக்காவது கொடுப்பேன். காலடிப்பேட்டையில் எங்கள் தெரு இதற்காக எனக்கு வைத்த பெயர் ‘கல்லு பைத்தியம்’.

அதிலும் மனைவியின் தம்பி இருக்கிறானே, நெட்டுக்குப்பத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. “கல்லு பொறுக்க அரியலூரு இன்னாத்துக்கு மாமா? நம்ம கடக்கரையில அலைக்குத் தடுப்பா லாரி லாரியா கொட்டி வெச்சிக்கீறான், அத்தப் பொறுக்கேன்” என்பான். சங்கும் சிப்பியும் வாங்கிக் கழுவிக் கடைகளுக்குப் போடுவது அவன் தொழில்.

போன வருஷம் எனக்கு உள்ளங்கை அளவில் ஒரு அம்மோனைட் கிடைத்தது. டைனோசர் காலத்துக் கடல்பிராணி, நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும். மேல்தோடு தேய்ந்துபோய், உள்ளறைகளின் விளிம்புகள் இலை நரம்பு மாதிரி கோடு கோடாகத் தெரிந்தன. படத்தைப் பார்த்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர், அந்தக் கோடுகளை நேரில் பார்த்தால்தான் என்ன இனமென்று சொல்ல முடியும், ராயபுரத்தில் எங்கள் குழு வைக்கும் கண்காட்சிக்கே வருகிறேன் என்று எழுதினார். நான் பொறுக்கியதைப் பார்க்க ஒரு மனிதர் தேடி வருவது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானிடமும் சொன்னேன். அன்றைக்கு அவன் கிண்டல் செய்யவில்லை.

“அவ்ளோ பெரிய ஆளு வர்றாரா மாமா?” என்றான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசைமேல் என்னவோ வெள்ளை வெளேரென்று பளபளத்தது. மச்சான் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“கலீஜா கீதேன்னு, சங்குக்குப் போடுற ஆசிட் தண்ணில போட்டேன் மாமா. இன்னா நொர தெரியுமா! அவ்ளோ அழுக்கு. அப்பால எண்ணெ தடவித் தொடச்சேன்.”

அடப்பாவி! அது அழுக்கில்லை. சுண்ணாம்புக்கல் ஆசிட்டில் கரையும். நுரைத்துப் போனது என் கோடுகள். கையில் எடுத்துப் பார்த்தேன், தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தது. ஒரு கோடுகூட மிச்சமில்லை.

“காலையிலேர்ந்து சங்கு வேலையக்கூட வுட்டுட்டு இதுக்கேதான் குந்திகினு இருந்தான்” என்றாள் மனைவி பெருமையாக. வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். கிண்டல் செய்த வருஷங்களில் அவன் என் கற்களைத் தொட்டதேயில்லை. அப்படியே கிண்டல் செய்துகொண்டே இருந்திருக்கக் கூடாதா? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்கூடவே வந்தான். ஆராய்ச்சிக்காரர் என் மேசையைத் தேடி வந்து, கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

“படத்துல அனுப்பினது இதுதானா?”

“இதுதான் சார்.”

மச்சான் பக்கத்திலேயே நின்றான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நல்லா பாலிஷ் போட்டிருக்கீங்க” என்று கல்லை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மச்சான் என் முழங்கையை இடித்தான். “பாத்தியா மாமா, சாரு இன்னா சொன்னாரு!”

“ஆமாண்டா” என்றேன்.