புல்லுக்கும் ஷிப்ட் உண்டு

காட்டுக்குள் கால் வைக்காமலே காட்டுக்கு மார்க் போடுவது என் தொழில். ஏசி அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கணினியில் விரித்து, இந்தச் சரணாலயம் செழிப்பாக இருக்கிறது, அந்தக் காப்புக்காடு மெலிந்துவிட்டது என்று அறிக்கை எழுதுகிறோம். கேட்பதற்கு ராஜா வேலை. ஆனால் நாள் முழுக்கத் திரையை முறைத்துவிட்டுக் கண்ணெரிய வீடு திரும்புகிறவர்களுக்கும், "நீ இன்னா வேலைதான் பண்றே?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்களுக்கும் என் கஷ்டம் புரியும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

மூன்று வீடு, ஒரே கட்டம்

எனக்கு வீடு கோலார் தங்க வயலில், ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஆபீஸ் பெங்களூரில். எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் விடிகிற நேரத்து ரயிலில் தூங்கி வழிந்து வேலைக்குப் போகிறவள். எதிர் சீட்டில் செல்வி அக்கா. பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். தன் லைனில் தைக்கும் ஒவ்வொரு சட்டையையும் திருப்பிப் பார்ப்பவர், என்னை மட்டும் சும்மா விடுவாரா?

"மேலேந்து எல்லாம் தெரியும்னா, எங்க வூட்டு மொட்டை மாடியில வடாம் காயறதும் தெரியுமா?" என்று கேட்டார். அவ்வளவு துல்லியமெல்லாம் கிடையாது அக்கா, நான் பார்க்கிற படத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம், அந்தக் கட்டம் முழுக்க ஒரே நிறமாகத்தான் தெரியும் என்று விளக்கினேன். எங்கள் லைன் வீடுகள் எவ்வளவு பெரியவை என்பது அவருக்குத் தெரியாததா? மனசுக்குள் அளந்து பார்த்தார். ஒரு கட்டத்துக்குள் மூன்று குடும்பம் அடங்கிவிடும் என்று கணக்கு வந்தது. என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "அப்போ மூணு வூட்டு சண்டையும் உனக்கு ஒரே கலர்லதான் தெரியும்னு சொல்லு."

நகராத மேகம்

எங்கள் ஊரில் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பாறையை அரைத்து, சயனைடு ஊற்றித் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு கொட்டிய மண் மட்டும் குட்டி மலைகளாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. சயனைடு மேடு என்போம். கோடையில் காற்று கிளம்பினால் அந்த மண் ஜன்னல் வழியாக வந்து சோற்றுத் தட்டில் உட்காரும். மூடி வைத்துச் சாப்பிடப் பழகியவர்கள் நாங்கள்.

எங்கள் கணினிக்கு ஒரு பழக்கம். படத்தில் பளீரென்று வெளுத்துத் தெரிவது எதுவானாலும் மேகம் என்று முத்திரை குத்தி அந்த இடத்தையே அழித்துவிடும். அதனால் எங்கள் மாவட்டத்துப் படத்தில் ஒரு மேகம் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்றது. எங்கள் குழுவின் தலைவர் கிரீஷ் சார் பெங்களூர்க்காரர், நல்ல மனிதர், தமிழைக் கன்னட வாசனையோடு பேசுவார். அந்த மேகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அது மேகம் இல்லை சார், சயனைடு மேடு, அதுக்குப் பின்னாலதான் எங்க வீடு" என்றேன். எங்கள் தெருவையும் சேர்த்தே அழித்து வைத்திருந்தது அந்தப் புத்திசாலி இயந்திரம். சார் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "நானு இத்தனை நாளா யோசிச்சேன் எஸ்தர், உங்க ஊர்ல மட்டும் மேகத்துக்கு ஆணி அடிச்சு மாட்டிட்டாங்களான்னு!"

ஞாயிற்றுக்கிழமை தீ

பூதிகோட்டைப் பக்கம் ஒரு புல்வெளி இருக்கிறது. வெளிமான்கள் மேய்கிற, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். அந்த மானை எங்கள் பக்கத்தில் ஜிங்கெ என்பார்கள். ஒரு ஞாயிறு காலை, சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் தொடங்கும் நேரம் பார்த்து என் போன் நடுங்கியது. அந்தப் புல்வெளி ஓரமாக நெருப்பு தெரிகிறது என்று செயற்கைக்கோள் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. காய்ந்த புல்லில் தீ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வெளி முழுக்கச் சாம்பல். வெளியே ஓடிவந்து அங்கே காவல் பார்க்கிற வாட்சர் முனிராஜைக் கூப்பிட்டேன். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், எங்களோடு தமிழ் என்று மூன்று பாஷையிலும் பதற்றமே படாத மனிதர் அவர்.

"ஆமா மேடம், தீதான்" என்றார். அவர் சாவகாசமாக மிச்சத்தையும் சொன்னார்: "வேலிக்கு அந்தாண்ட செங்கல் சூளை மேடம். போன வருசமும் இதே தீதான். இந்த வருசம் கொஞ்சம் கம்மி, ஆர்டர் இல்லியாம்."

சிவப்புக் கட்டம்

இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த சங்கதி. மாவட்டத்துப் பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கெல்லாம் மார்க் போட்டுக் கொடுக்கச் சொல்லி ஒரு அறக்கட்டளை எங்களிடம் வேலை கொடுத்தது. எந்த இடம் சீரழிந்திருக்கிறதோ அங்கே மரம் நட்டுக் கொடுப்பது அவர்கள் சேவை. எங்கள் மார்க் முறை ரொம்பச் சுலபம். பச்சை கூடினால் மார்க் கூடும், குறைந்தால் குறையும். பழைய சுரங்க நிலத்தில் அடர்ந்து கிடக்கிற சீமைக் கருவேலம் முதல் வகுப்பில் பாஸ். வெளிமான்களின் புல்வெளி சிவப்புக் கட்டத்தில் ஃபெயில்.

மரம் நட்டால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். தூசி தின்று வளர்ந்த எங்கள் ஊரில் அதைக் கேட்காத ஆளே இல்லை. செல்வி அக்காவும் ரயிலில் அதையேதான் கேட்டார். எங்களுக்குப் பழுப்பு என்றால் இருமல், பச்சை என்றால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம். ஆனால் வெளிமான் மரத்தடியில் ஒதுங்குகிற பிராணி இல்லை. தூரத்தில் நாய் வருவது தெரிந்தால்தான் அதற்கு உயிர். வெட்டவெளியில் மரத்தை அடைத்தால் ஓடவும் முடியாது, மேயப் புல்லும் இருக்காது. அந்த மந்தைக்குப் போக வேறு இடமும் கிடையாது. சுற்றிலும் வயலும் சூளையும் ரோடும்தான்.

அறக்கட்டளையைச் சேர்ந்த சந்துரு சார் வந்து படத்தைப் பார்த்தார். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவரோ அந்தச் சிவப்பைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கினார். முதல் மழைக்கு முன்னால் குழி வெட்டிவிட வேண்டும் என்று அங்கேயே தேதி குறித்தார். போகும்போது திரையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பாவம்மா, இந்த எடத்துக்கு யாருமே இல்ல போல இருக்கு. நாமதான் பார்த்துக்கணும்."

நிழல் கேட்டவர்

நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிரீஷ் சாரை நச்சரித்து அழைத்துப் போனேன். குழி வெட்ட வேண்டிய இடங்களில் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தூரத்தில் மந்தை நின்றது. எங்களைப் பார்த்ததும் ஒன்று துள்ளியது, பின்னாலேயே எல்லாம் துள்ளி, கண் மூடித் திறப்பதற்குள் எதிர்க் கோடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தன. மரம் வைத்தால் இதெல்லாம் போய்விடும் என்று முனிராஜிடம் முறையிட்டேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன்.

முனிராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். காலையிலிருந்து சாயந்தரம் வரை அந்த வெளியில் நிற்கிறவர் அவர். மதியச் சோற்றைக் கூடத் தன் சைக்கிள் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். "ஜிங்கெ போயிடக் கூடாது மேடம், அது எனக்கும் வருத்தம்தான்" என்றார். அப்புறம் சுண்ணாம்புப் புள்ளிகளை ஏக்கத்தோடு பார்த்தார்: "அத்தனையும் வேணாம்னு சொல்லிடுங்க. எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு வெக்கச் சொல்லுங்க, குந்தி சோறு துன்றதுக்கு."

திரும்பும் வழியில் ஜீப்பில் ஒரு சந்தேகம் வந்தது. "சார், இந்த எடத்துக்கு எந்த மாசத்துப் படம் எடுத்தோம்?" என்றேன். வருஷத்துக்கு ஒரு படம்தான் எடுக்கிறோம், மேகமே இல்லாத படமாகப் பொறுக்கி எடுக்கிறோம். மேகம் இல்லாத மாதம் எது? மார்ச்சும் ஏப்ரலும். புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடக்கிற மாதம். மழைக்காலத்தில் புல் எப்படி இருந்தது என்று நாங்கள் ஒரு வருஷம்கூடப் பார்த்ததில்லை. கிரீஷ் சார் போனில் படங்களின் தேதிகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்ல படம் வேணும்னு தேடித் தேடி, புல்லோட கெட்ட நாளா பார்த்து எடுத்திருக்கோம் எஸ்தர்."

பகலில் தூங்குகிறவர்

அடுத்த சில நாட்கள் மழைக்காலப் படங்களைத் தோண்டினேன். ஒன்றில் இடது மூலை தெரியும், ஒன்றில் நடு மட்டும், மீதி எல்லாம் மேகம். கந்தல் துணியை ஒட்டுப் போட்டுத் தைக்கிற மாதிரி பல வருஷத்து மூலைகளைச் சேர்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் புல் தளதளவென்று எழுந்திருக்கிறது, ஒவ்வொரு கோடைக்கும் படுத்திருக்கிறது. ஒரு வருஷம் தப்பவில்லை. சந்துரு சார் முன்னால் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பாதி வருஷம் காய்ஞ்சு கிடக்குதே, இதை எப்படிம்மா நல்லா இருக்குன்னு எழுதறது?" என்றார். என் வரைபடம், விளக்கம் எல்லாம் அங்கே படுத்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் என் அப்பாவைச் சொன்னேன். அப்பா சுரங்கத்தில் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்கப் பூமிக்கு அடியில் பாறை குடைந்துவிட்டு வந்து பகலில் தூங்குவார். ஜன்னலில் அம்மா கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுவாள். எங்கள் லைனில் பிள்ளைகள் பகலில் கத்தி விளையாடினால் முதுகில் அடி விழும். வேலூரிலிருந்து ஒரு தடவை பெரியப்பா பகல் பதினோரு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, இந்தக் குடும்பம் உருப்படாது, ஆம்பளை எழுந்திருக்கவே இல்லை என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டார். "நாமளும் அந்த மாதிரி பகல் பதினோரு மணிக்குப் போய் நின்னிருக்கோம் சார். அந்தப் புல்லு கெட்டுப்போகலை. ஷிப்ட் முடிஞ்சு தூங்குது. வேர் உயிரோட இருக்கு, மழை வந்தா எழுந்து வேலைக்குப் போயிடும்" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆபீசில் அழக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

சந்துரு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கிரீஷ் சார் பக்கம் திரும்பி, குழி வேலையை நிறுத்திவிடலாம் என்றார். வாங்கி வைத்த கன்றுகளை என்ன செய்வது என்று அடுத்த கவலை அவருக்கு. தூசியைத் தடுக்க மரம் கேட்டு ஏங்குகிற ஊர் ஒன்று எனக்குத் தெரியும், சயனைடு மேட்டோரத் தெருக்களில் வையுங்கள் என்றேன். அதற்கும் சரி என்றார். எழுந்து போகும்போது அவர் சொன்னது இதுதான்: "நல்ல காலம்மா. தூங்கறவனை எழுப்பி ஊசி போட இருந்தேன்."

மழைக்குப் பிறகு

செல்வி அக்கா தெருவில் இப்போது வேப்பங்கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. ஆட்டுக்குத் தப்பியவை அவ்வளவுதான். எங்கள் மார்க் முறையும் மாறிவிட்டது. வருஷத்துக்கு ஒரு படம் என்பது போய், கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒட்டுப்போட்டதாவது ஒன்று. புல்வெளியை இனி மரத்தை வைத்து அளப்பதில்லை. அறிக்கையின் கடைசியில் "காவலருக்கு ஒரு நிழற்கூரை தேவை" என்று நான் சேர்த்திருந்த வரிக்கு மட்டும் யாரும் பதில் போடவில்லை. அதற்கு எங்கள் முறையில் மார்க் கிடையாது.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் போய்ப் பார்த்தேன். புல் முழங்கால் உயரம். ஈரத்தில் மின்னியது. மந்தையில் இரண்டு குட்டிகள் புதுசு, கால் இன்னும் சரியாக ஊன்றாமல் அம்மா பின்னால் தடுமாறிக்கொண்டு நின்றன. முனிராஜ் அதே சைக்கிள் நிழலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மேகம் கலைந்து வெயில் மறுபடி சுள்ளென்று அடித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்: "ஜிங்கெ வந்துட்டுது, புல்லு வந்துட்டுது மேடம். என் நெழல் மட்டும் இன்னும் சேட்டிலைட்லேந்து எறங்கல."

மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்த நான், இப்போது ஊரிகம் கடைத்தெருவில் இருக்கிறதிலேயே பெரிய குடையாகப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கிறேன்.